சுவருக்குள் காளியன்

மல்லையனுக்குக் காலில் சக்கரம் என்று வத்தல்மலையில் எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்து களி தின்ன மாட்டான். வட்டிலைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் களத்துக்கும் நடந்துகொண்டே தின்பான். கடுகு விதைத்தால் மறுநாளே போய் மண்ணைக் கிளறி, முளை விட்டதா என்று பார்ப்பான். அப்படிப்பட்டவனைப் பிடித்து, ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திரு என்றால் அவன் என்ன ஆவான்?

அது அவன் வீட்டு மேற்குச் சுவர். கல்லும் மண்ணும் வைத்து அவன் அப்பன் எழுப்பியது. இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயில் மெழுகையும் மரப்பிசினையும் குழைத்துக் கட்டிய சுண்டுவிரல் நீளக் குழாய். உள்ளே கொசுத்தேனீ குடியிருந்தது. பேருக்கேற்ற அளவுதான், கொசுவைவிடக் கொஞ்சம் தடிமன். கொட்டவும் தெரியாது. அந்தப் பூச்சிதான் மல்லையனின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

சொன்னால் வெளியூர்க்காரனுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஊர் வழக்கம் அப்படி. மலையை விட்டு நெடுந்தூரம் போகிறவன் தன் இடத்தில் உயிருள்ள எதையாவது நிறுத்திவிட்டுப் போவான். அதற்கு ‘ஆள் நிறுத்துவது’ என்று பேர். நிறுத்தியது உயிரோடு இருக்கும்வரை அவன் வீட்டில் இருப்பதாகவே கணக்கு. அவன் பங்கை யாரும் தொடக் கூடாது, அவன் பெண்டாட்டியை வீட்டை விட்டு யாரும் வெளியேற்றக் கூடாது. அது தானாகச் செத்துப்போனால், போனவனும் போய்விட்டான் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். பெண்டாட்டியை மரியாதையாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாராவது கைவைத்துச் சாகடித்தால், கைவைத்தவன் பங்கும் சேர்ந்து போகும்.

வெள்ளைக்காரன் நடத்துகிற சண்டைக்கு ரோடு போட ஆள் எடுக்கிறார்கள், அஸ்ஸாம் பக்கம் கூட்டிப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மல்லையனின் அண்ணன் காளியன் சித்திரையில் புறப்பட்டான். எல்லோரும் பலாமரத்தை நிறுத்துவார்கள், இல்லையென்றால் பசுமாட்டை. காளியன் சுவரைக் காட்டி, இந்த ஈக்களை நிறுத்துகிறேன் என்றான். ஊரே சிரித்தது.

“பலாவை நிறுத்துனா எவனாச்சும் கெளைய ஒடிப்பான். மாட்டை நிறுத்துனா கோமாரி வந்து போவும். இதுங்களை எவன் தேடி வந்து தொடப்போறான்?” என்று சொல்லிவிட்டு, தம்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப்போனான். அதற்கப்புறம் அவனைப்பற்றி ஒரு தகவலும் மலையேறவில்லை.

ஆனியில் மல்லையனுக்குப் பெண் பேசினார்கள். பக்கத்து ஊர் நஞ்சப்பன் மகள் செல்லி. நஞ்சப்பன் வந்து மல்லையன் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரே அறை, ஒரு மூலையில் காளியன் பெண்டாட்டி பழனியம்மாளின் அடுப்பு.

“ஒத்தை ரூமுல ரெண்டு அடுப்பு எரியுமா? தை பொறக்கறதுக்குள்ள எம் பொண்ணுக்குத் தனி எடம் வேணும். இல்லாட்டி இந்தப் பேச்சை இதோட விட்டுடலாம்” என்றார்.

வீட்டைப் பெருக்க வழி ஒன்றுதான். கிழக்கே சரிவு, வடக்கே பாறை, தெற்கே அடுத்தவன் களம். மேற்குச் சுவரை இடித்து அந்தப் பக்கம் நீட்டினால்தான் உண்டு. அந்தச் சுவரில்தான் அண்ணன் ஆளை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

அன்றிலிருந்து மல்லையன் காலையில் கண் விழித்ததும் செய்கிற முதல் வேலை, சுவரைப் போய்ப் பார்ப்பது. பார்ப்பான், திரும்புவான், வாசல்வரை போவான், மறுபடி வந்து பார்ப்பான். குளிர் விடாத நேரத்தில் குழாயின் வாயில் இரண்டு மூன்று தலைகள் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றும் வெளியே வராது. வெயில் ஏறிச் சட்டையைக் கழற்றத் தோன்றும்போதுதான் முதல் ஈ கிளம்பும். மேகம் ஒன்று கடந்தால் போதும், போனதெல்லாம் அவசர அவசரமாகத் திரும்பும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அன்றைக்கு வேலை நிறுத்தம். சோம்பேறிக் கழுதைகள் என்று மல்லையன் திட்டினான். திட்டினாலும் விட்டு நகர முடியவில்லை. இப்படி வேலை செய்கிறது எப்படிப் பிழைக்கும், எப்போது சாகும் என்று ஒரே நமைச்சல்.

ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்த செல்லியை ஒருநாள் வழியில் பார்த்தான். பேசும்போதே குடத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டான்.

“எங்கப்பனுக்கு வூடு வேணும். எனக்கு ஒரு எடத்துல நின்னு பேசற ஆளு வேணும். நீ ரெண்டுக்கும் ஆவ மாட்டே போலிருக்குதே” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே மல்லையன் நாலு நாள் தூங்கவில்லை.

புரட்டாசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பலாமரத்து அடியில் கிடந்த பழைய பானையில் அடுக்குத்தேனீ ஒரு கூட்டம் குடி வந்திருந்தது. அது வேறு சாதி. உடம்பும் பெரிது, கொடுக்கும் உண்டு, குளிரையும் பொருட்படுத்தாது. பனி சொட்டும்போதே கிளம்பிவிடும். அதைப் பார்த்ததும் மல்லையன் தொடையில் தட்டிக்கொண்டான். கைவைக்கக் கூடாது என்றுதானே வழக்கம்? எந்தப் பூவை யார் தின்ன வேண்டும் என்று வழக்கம் ஒன்றும் சொல்லவில்லையே! பெரியது முந்திக்கொண்டால் சின்னது பட்டினி. பட்டினி கிடந்து செத்தால் தானாகச் செத்ததுதானே? தன்னைப்போல் புத்திசாலி இந்த மலையில் இல்லை என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பானைகளுக்குள் பழைய மெழுகைத் தடவி, வீட்டைச் சுற்றியிருந்த மரங்களிலெல்லாம் கவிழ்த்துக் கட்டினான். இரண்டு பானைகளில் புதுக் கூட்டம் வந்து உட்கார்ந்தது.

“என்ன மல்லையா, திடீர்னு தேன்மேல ஆசை?” என்றாள் பழனியம்மாள்.

“மாமனார் வூட்டுக்குக் குடுக்கலாம்னுதான் அண்ணி.”

“குடு, குடு” என்றாள். அண்ணாந்து பானையைப் பார்த்தாள், அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

கார்த்திகை பிறந்ததும் கடுகுக் காடு மஞ்சளாகப் பூத்தது. மல்லையன் விடியும்போதே போய் நின்றான். பானையிலிருந்து வந்தவை ஈரப் பூவிலேயே இறங்கி, ஒரு பூ விடாமல் துழாவின. வெயில் ஏறிய பிறகு சின்னவை வந்து சேர்ந்தன. உட்கார்ந்த பூவிலெல்லாம் ஒன்றுமில்லை. எங்கோ மிச்சம் கிடந்த ஒரு பூவில் ஒன்று உட்கார்ந்தால், பெரியது பக்கத்தில் வந்து இறங்கும். சண்டை ஒன்றுமில்லை. சின்னது பேசாமல் எழுந்து விலகிப்போய்விடும். மல்லையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரப்பில் முன்னும் பின்னும் நடந்தான்.

ஆனால் குழாயின் வாயில் போக்குவரத்து நிற்கவில்லை. வெறுங்காலோடு திரும்ப வேண்டியவை காலில் மஞ்சள் உருண்டையோடு திரும்பின. எங்கே கிடைக்கிறது? பின்னாலேயே ஓடிப் பார்த்தான். வீட்டுக்குப் பின்னால் பழனியம்மாள் வைத்திருந்த மிளகாய்ச் செடிகளில், தலை கவிழ்ந்து தொங்கும் வெள்ளைப் பூக்களில் அவை தொங்கிக்கொண்டிருந்தன. வேலியோரத் துளசியில் இருந்தன. பெரியவை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு சின்னப் பூவுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

மல்லையன் மெனக்கெட்டான். துளசியை விட்டுவிட்டான், சாமிக்குப் பயந்து. மிளகாய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தான். காயும் பழமுமாக இருந்த செடிகள்.

பழனியம்மாள் விறகோடு வந்து பார்த்து அப்படியே நின்றாள். “காய்க்கற செடியப் புடுங்குவாங்களா மல்லையா?”

“பூச்சி விழுந்திருந்துது அண்ணி. பக்கத்துச் செடிக்குத் தொத்திக்கும்.”

“பக்கத்துல வேற செடியே இல்லையே” என்றாள் அவள். மல்லையன் களத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

அதற்கப்புறம் வானம் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. முதலில் காற்றும் மழையும். மழை விட்டதும் மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியாத பனி. பகலிலேயே பல் கிட்டியது. கடுகுப் பூவெல்லாம் மழையில் கொட்டிப்போயிற்று. சுவரில் குழாயின் வாய் நாளுக்கு நாள் சிறுத்து, கடைசியில் ஊசி நுழைகிற இடமாகி, ஒரு காலையில் பிசினால் முழுக்க அடைபட்டுக் கிடந்தது.

மல்லையன் ஓடிப்போய்ப் பானைகளைப் பார்த்தான். அவையும் காலி. வெறும் அடைகள் தொங்கின, ஒரு ஈ இல்லை. பூ தீர்ந்ததும் பெரியவை மூட்டை கட்டிக்கொண்டு எங்கோ இறங்கிப்போய்விட்டன. கொம்பனே தாங்கவில்லை, இதுங்க எங்கே தாங்கும் என்று நினைத்தான். இதுகளுக்கு ஓடவும் வழியில்லை. குடும்பத்தோடு கூட்டை விட்டுப் பறந்துபோகிற சாதி இல்லை அது. உள்ளேயே கிடந்து முடிந்திருக்கும்.

வீட்டுக்குள் பழனியம்மாள் அடுப்பை இடம் மாற்றியிருந்தாள். கிழக்கு மூலையிலிருந்த மூன்று கல்லையும் தூக்கிவந்து மேற்குச் சுவரோரம் போட்டிருந்தாள். சமைத்து முடிந்தாலும் தணலை அவிக்காமல் சாம்பலால் மூடி வைத்தாள். “அந்தப் பக்கம் ஒழுவுது” என்றாள். மல்லையன் அண்ணாந்து பார்த்தான். அந்தப் பக்கக் கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவனுக்கு இருந்த அவசரத்தில் அதைப்பற்றி மேலே யோசிக்கவில்லை.

மார்கழிக் கடைசியில் நஞ்சப்பன் ஆள் அனுப்பினார். தை பொறக்கப்போவுது, என்ன சேதி? மல்லையன் அன்றே ஊர்க்கவுண்டர் வேடியப்பனிடம் ஓடினான்.

“செத்துப்போச்சுங்க. வாய் அடைச்சு ரொம்ப நாளாச்சு. நாளைக்கு விடியக்காத்தால வந்து முடிச்சுக் குடுத்துடுங்க” என்றான்.

“என்னாத்துக்குடா இந்தப் பறப்பு? ஆறு மாசம் இருந்தவன் ஒரு பொழுது இருக்க மாட்டியா? பனியில எனக்கு முட்டி மடங்காது. வெயில் வரட்டும், வர்றேன்” என்றார் வேடியப்பன்.

மறுநாள் மல்லையன் இருட்டு விலகும்போதே கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தான். வீட்டைச் சுற்றினான். களத்தைச் சுற்றினான். பனி மெல்லக் கலைந்தது. பல நாளுக்குப் பிறகு சுள்ளென்று வெயில் வந்தது. நஞ்சப்பன் வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டார். ஊர் கூடிற்று. வேடியப்பன் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேரும்போது பொழுது உச்சி சாய்ந்து மேற்குச் சுவர் நன்றாகக் காய்ந்திருந்தது.

வேடியப்பன் பழனியம்மாளைக் கேட்டார். “நீ என்னம்மா சொல்றே?”

அவள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையோடு வந்தாள். அவளுடைய சேலைகளும், காளியனின் ஒரு வேட்டியும். “நானும் தெனம் காது வெச்சுப் பாக்கறேனுங்க. பத்து நாளாச் சத்தமில்ல. இல்லாததை இருக்குதுன்னு சொல்லக் கூடாது. நான் சித்தேரிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்.”

குரல் உடையாமல்தான் சொன்னாள். மல்லையனுக்கு அது பிடிக்கவில்லை. அழுவாள், சண்டைபோடுவாள், ஊரைக் கூட்டுவாள், தானும் நாலு வார்த்தை கத்தலாம் என்று நினைத்திருந்தான். அவள் அவன் பக்கமே சாட்சி சொல்லிவிட்டு நிற்கிறாள்.

“சரி. மொறையச் செஞ்சுடு” என்றார் வேடியப்பன்.

இடிப்பதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. யாருக்குப் பங்கு சேருமோ அவனே போய், போனவனை உறவு சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டதை ஊருக்குச் சொல்ல வேண்டும். அவன் சொல்லுக்கு மேல் பேச்சில்லை.

மல்லையன் சுவர்முன் மண்டியிட்டான். இதில் என்ன இருக்கிறது, ஒரு வார்த்தை, கூப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் போனான். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை.

“அண்ணா” என்றான். “அண்ணா, இருக்கியா?”

காதைச் சுவரில் வைத்தான். கல் சூடாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்தது. இனி எழுந்து கடப்பாரையை எடுக்க வேண்டியதுதான். இத்தனை மாதம் எதற்காகத் தவித்தானோ அது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷம் வரும் என்று பார்த்தான். வரவில்லை.

தினம் எழுந்ததும் ஓடிவந்து பார்த்தேனே, எதைப் பார்க்க வந்தேன்? அந்தக் கேள்வி அவனை அங்கேயே பிடித்துக்கொண்டது. ஈயையா பார்த்தேன்? அண்ணன் செத்தானா என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்! இன்றைக்குச் சாகவில்லையா, நாளைக்காவது சாவானா என்றல்லவா நடந்தேன்! பானை கட்டினேன், செடியைப் பிடுங்கினேன். தலையில் தட்டிவிட்டுப் போனவனை! ஐந்து வயதில் காய்ச்சல் கண்டபோது முதுகில் சுமந்துகொண்டு தர்மபுரிவரை மலையிறங்கினவனை!  மல்லையனுக்கு வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தன.

ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்பதுதான் வழக்கம். அவன் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை ஊருக்காகக் கூப்பிடவில்லை.

“அண்ணா... இருடா. இருந்துடுடா அண்ணா.”

கண்ணை மூடிக் காதைச் சுவரோடு அழுத்தினான். நகரவில்லை. வேடியப்பன் தடியை மாற்றி ஊன்றினார். நஞ்சப்பன் வெற்றிலை எச்சிலைத் துப்பினார். மல்லையன் அசையவில்லை. பிறந்ததிலிருந்து அவன் இப்படி ஒரே இடத்தில் இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

கல்லுக்கு உள்ளே, ரொம்ப ஆழத்தில், கொதி வருவதற்கு முன்னால் உலைத் தண்ணீர் முனகுமே, அப்படி ஒன்று கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கல் சூடேறச் சூடேற அது விடாமல் கேட்டது.

எழுந்து திரும்பினான். ஊர் முழுக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் சொல்லுக்கு மேல் பேச்சில்லை. கடப்பாரையைத் தொடுவதற்கு முன்பே, ஒரே சொல்லில் சுவர் அவனுடையது, செல்லி அவனுடையவள்.

“அண்ணன் இருக்கறாருங்க” என்றான்.

பழனியம்மாளின் கையிலிருந்து மூட்டை நழுவிற்று. ஓடிவந்து அவன் காது வைத்திருந்த இடத்திலேயே காதை வைத்தாள். அப்புறம் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அன்றுவரை அடக்கியதையெல்லாம் அழுது தீர்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று நஞ்சப்பன் எழுந்தார்.

“கூப்பிட்டவன் சொல்லிட்டான். அப்பறம் என்ன?” என்றார் வேடியப்பன்.

நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். கோபமா வருத்தமா என்று தெரியாத முகம். “எம் பொண்ணுகிட்ட நீயே வந்து சொல்லிக்க மாப்பிள்ளை. என்னால ஆவாது” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். மாப்பிள்ளை என்றாரே, அதைப் பழக்கத்தில் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்று மல்லையனுக்குப் புரியவில்லை. ஓடிப்போய்க் கேட்கக் கால் பரபரத்தது. போகவில்லை.

ஊர் கலைந்துபோயிற்று. மல்லையன் சுவருக்கு எதிரே உட்கார்ந்தான். பிசின் அடைப்பில் ஒரு துளை விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே இழுத்துக்கொண்டது. கடைசியில் ஒன்று வெளியே வந்து, குழாயின் விளிம்பில் நின்று, வீட்டுக்குப் பின்பக்கமாகப் பறந்தது. மிளகாய்ச் செடி இருந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. அங்கே வெறும் மண். மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. அதைப் பார்க்கப் பார்க்க மல்லையனுக்கு அழுகை வந்தது.

“அண்ணி,” என்றான் தலையைத் தூக்காமல். “மொளகா நாத்து யாரு வூட்டுல கெடைக்கும்?”

பழனியம்மாள் உள்ளே போனாள். அடுப்புக்கு மேலே பரணிலிருந்து ஒரு முடிச்சை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். அவிழ்த்தான். காய்ந்து சிவந்த மிளகாய்ப் பழங்கள்.

“நீ புடுங்கிப் போட்டியே, அதுல பொறுக்குனது. வெதைக்கு ஆவும்னு அன்னிக்கே எடுத்து வெச்சேன்” என்றாள்.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து, பொழுது இறங்கும்வரை, ஒவ்வொரு பழமாகக் கிள்ளி விதையை உதிர்த்துக்கொண்டிருந்தான். காரம் ஏறிக் கையெல்லாம் எரிந்தது.